வெள்ளிக்கிழமைதோறும் கழன்ற குழாய்

எங்கள் அத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது ஒரு திங்கட்கிழமை. அடைத்துக்கொண்டது என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. பெற்ற மகளிடம் அதையெல்லாம் சொல்கிற ஆளா அவர்? காலையிலிருந்து கொல்லைப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். நாஸ்தா வேண்டாம் என்றார். வழக்கம்போல் கடைக்கு வந்து உட்கார்ந்தவர், உட்கார முடியாமல் எழுந்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் பக்கெட்டுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். குடம் வாங்க வந்த அம்மா ஒருத்தி, "பாய்க்கு இன்னா ஆச்சு, மூஞ்செல்லாம் வேர்த்துகினு கீது" என்று கேட்ட பிறகுதான் நான் திரும்பியே பார்த்தேன்.

சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் எங்களுடையது பிளாஸ்டிக் சாமான் கடை. பக்கெட், மக்கு, குடம், பாய், மீன் விற்கிறவர்களுக்குக் கூடை. அத்தா ஆரம்பித்தது. அவருக்கு நான் ஒரே பிள்ளை. அம்மா போன பிறகு நானும் என் வீட்டுக்காரரும் அவரோடேயே வந்துவிட்டோம். கடையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்களை அவர் பார்த்துக்கொள்கிறார், அதாவது நாங்கள் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. எங்கள் இரண்டு பேர் சத்தமும் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பார் என் வீட்டுக்காரர். அவர் பேசுவது அவருக்கே சரியாகக் கேட்காது, அவ்வளவு சாது.

அன்றைக்கு நூற்றெட்டு வண்டியில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு ரத்தம், மருந்து வாடை எதுவும் ஆகாது. அவசரப் பிரிவு வாசலைத் தாண்டியதுமே தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அத்தாவைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அத்தா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று பள்ளிவாசலில் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னது கேட்டது. குழாய் போட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது அவர் முகம் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது.

சின்ன வயது டாக்டர் அவர். ஆண்பிள்ளை யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தார். பெஞ்சில் கிடந்த என் வீட்டுக்காரரைக் காட்டினேன். அவரைப் பார்த்துவிட்டு என்னிடமே பேசினார். வயதானால் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்துக்கொள்ளும். சின்ன ஆபரேஷன்தான், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, இங்கேயே செய்வார்கள். ஆனால் நேராக ஆபரேஷனுக்குப் போக முடியாது. யூரோ ஓபி, அதாவது சிறுநீர்க் கோளாறுக்கான வெளிநோயாளிப் பிரிவு, நடக்கிற நாளில் வந்து காட்ட வேண்டும். டெஸ்ட் எல்லாம் முடித்துத் தேதி வாங்க வேண்டும். "அதுவரைக்கும் இந்த டியூப் இருக்கணும்மா. என்ன ஆனாலும் எடுக்கக் கூடாது" என்றார். அத்தா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓபி நாளில் விடிந்ததும் கல்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தோம். குழாயிலிருந்து சிறுநீர் இறங்குகிற பையை அத்தா தொடையில் கட்டி, அதன் மேல் லுங்கியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தார். சீட்டு போடுகிற இடத்தில் ஆண்கள் வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டிருந்தது, பெண்கள் வரிசை குட்டையாக இருந்தது. நான் பெண்கள் வரிசையில் நின்று அவர் பெயருக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். ஜன்னலுக்குள் இருந்தவர், "எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்க நான், "யூரோ" என்றேன். பின்னாலிருந்த பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

யூரோ ஓபிக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சுகளில் முக்கால்வாசி ஆண்கள். பாதிப் பேர் கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் சுவரில் இருந்த கைகழுவும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கே போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கருங்குழியிலிருந்து புருஷனைச் சிறுநீரகக் கல்லுக்காக அழைத்துவந்த ஒரு அம்மாதான் என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாமா முழிச்சிகினு நிக்கிற? மொதல்ல டாக்டராண்ட காட்டு. ஸ்கேனு எழுதுவாரு, ரத்தம் எழுதுவாரு. ஸ்கேனு இங்க இல்ல, அந்தாண்ட கட்டடம். ரத்தத்த இன்னிக்கே குடுத்துட்டுப் போ, இல்லாங்காட்டி இன்னொரு நாள் அலையணும். காப்பீட்டு அட்டை கீதா? ஆதாரு? கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தேன். அவள் சொன்னபடியே நடந்தேன். ஸ்கேன், ரத்தம், நெஞ்சுப்படம், இதயத்துக்கு ஒரு டெஸ்ட், மயக்க மருந்து டாக்டரின் சம்மதம். எல்லாம் ஒரே நாளில் ஆகாது. ஆனால் கேட்ட இடத்தில் கேட்டால் பதில் சொல்கிறார்கள், சொன்ன நாளில் போனால் பார்க்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த மாதம் தேதி கிடைக்கும் என்றார் யூரோ பெரிய டாக்டர். ஒரு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து ஐந்து வேளையும் பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிறவர் அவர். பாங்கு சொன்ன பிறகு கடையில் வாடிக்கையாளர்கள் நின்றால் அவர் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். அப்படிப்பட்டவர் குழாய் போட்ட நாளிலிருந்து பள்ளிவாசல் பக்கம் போகவில்லை. கால் வலி என்றார். வீட்டிலும் அவர் தொழப் பாய் விரித்து நான் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லாதவர், உட்கார்ந்தபடியே தொழுதிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆனால் முதல் வெள்ளிக்கிழமை வந்ததும் குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டு, அத்தர் பூசிக்கொண்டு, பள்ளிவாசலில் கூட்டமாகத் தொழுகிற ஜும்மாவுக்குக் கிளம்பினார். கால் வலி போய்விட்டதாம். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் மறுபடியும் அடைத்துக்கொண்டது. குழாய் இல்லை. "தானா கழண்டு வந்துடுச்சுமா" என்றார். நூற்றெட்டு, செங்கல்பட்டு, திரை, புதுக் குழாய்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கதை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தா மேல் இல்லை, ஆஸ்பத்திரி மேல். மூன்றாவது வெள்ளிக்கிழமையும் கழன்றபோது அவசரப் பிரிவில் இருந்த அதே சின்ன டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கடையில் மக்கு கைப்பிடி உடைந்திருந்தாலே வாடிக்கையாளர் என்னை விடுவதில்லை, நீங்கள் போடுகிற குழாய் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை கழன்று விழுமா, ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று கத்தினேன். அந்தப் பிள்ளை பாவம், நான் முடிக்கிறவரை நின்றார். பிறகு ஒரு புதுக் குழாயைப் பிரித்து என்னிடமே காட்டினார். முனையில் ஒரு குட்டிப் பலூன். உள்ளே போனதும் அதில் தண்ணீர் ஏற்றிவிடுவார்கள், அதுதான் நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

"இது தானா வராதும்மா. பலூனோட இழுத்தா ரத்தம் கொட்டும். உங்க அப்பாவுக்குக் கொட்டல. யாரோ வெறும் சிரிஞ்ச் வச்சுத் தண்ணியை உறிஞ்சிட்டுப் பக்குவமா உருவியிருக்காங்க" என்றார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒண்ணுதான் புரியல. போன வாரமும் நான்தான் டூட்டி, அதுக்கு முந்தின வாரமும் நான்தான். எப்பவும் வெள்ளிக்கிழமையே கழலுது. ஏன்?"

அவருக்குப் புரியவில்லை. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பஜாரில் பாதிப் பேருக்கு வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று தெரியும், ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு அது தோன்றவில்லை. டாக்டர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலையில் அத்தாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தெருக்கோடியில் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், பழைய கம்பவுண்டர். வெள்ளிக்கிழமை பதினோரு மணிவாக்கில் அங்கே போய்க் குழாயை எடுத்துக்கொள்வது, குளிப்பது, ஜும்மாவுக்குப் போவது. அடைப்பு சீக்கிரம் வரக் கூடாது என்று வியாழன் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இதுதான் அவர் போட்டு வைத்திருந்த திட்டம்.

"மத்த வேளைத் தொழுகையெல்லாம் குழாய எடுத்தப்புறம் களா பண்ணிடலாம்மா, சேத்து வச்சுத் தொழுதுக்கலாம். ஜும்மாவ எப்டி களா பண்றது? தொடர்ந்து மூணு ஜும்மா வுட்டவன் நெஞ்சே பூட்டிக்கும்னு சொல்றாங்களே, தெரியாதா ஒனக்கு?"

"அப்ப குழாயோட போங்களேன்."

"மூத்திரத்த இடுப்புல கட்டிகினு அல்லா முன்னாடி நிக்கச் சொல்றியா?"

அதற்குமேல் நான் என்ன சொல்வது? குர்ஆனை ஓதத் தெரியுமே தவிர, எது கூடும் எது கூடாது என்று சட்டம் பேச எனக்குத் தெரியாது. வந்த கோபத்தையெல்லாம் கம்பவுண்டர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் வேணாம்னுதாமா சொன்னேன். கண்ணுல தண்ணி வச்சிகினு கேக்குறாரு பாய். இன்னா பண்ணச் சொல்ற?" என்றார். அத்தா கண்ணில் நான் தண்ணீர் பார்த்தது அம்மாவின் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிய அன்றைக்கு மட்டும்தான். திட்ட வந்ததை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டு நாளில் அத்தாவுக்குக் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. செங்கல்பட்டில் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடிக்கடி எடுத்ததிலும் அடைத்ததிலும் கிருமி ஏறிவிட்டது, ரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது என்றார். மருந்து ஏற்றுகிறோம், ஜுரம் விட்டு உப்பு இறங்கினால் அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் செய்துவிடலாம். "ஆனா இன்னொரு தடவை டியூப் வெளிய வந்தா நான் பொறுப்பில்ல. உள்ள புண்ணாயிருக்கு, திரும்பப் போட வழி கிடைக்குமான்னே தெரியாது. வயித்துல ஓட்டை போட்டுத்தான் யூரினை எடுக்கணும். கிட்னி தாங்குமான்னும் சொல்ல முடியாது" என்றார். அவர் இதைச் சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

செவ்வாய்க்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. எனக்கு அது ஒன்றுதான் கவலை.

ஊருக்கு வந்து ஹஜ்ரத் வீட்டுக்குப் போனேன். எங்கள் பள்ளிவாசல் இமாமைத்தான் ஹஜ்ரத் என்போம். நாங்கள் பெண்கள் பள்ளிவாசலுக்குள் போய்ப் பேசுகிற வழக்கம் இல்லை. அவர் மனைவியிடம் சொல்ல வேண்டும், அந்தப் பெண் திரைக்குப் பின்னால் போய்ச் சொல்வாள். அப்படித்தான் ஆரம்பித்தேன். அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். சிறுநீர், குழாய், பலூன் என்று நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்து, பாதியை முழுங்கி முழுங்கி உள்ளே போய்ச் சொன்னாள். அங்கிருந்து ஒரு கேள்வி வரும், இவள் வந்து கேட்பாள், நான் பதில் சொல்வேன், அதிலும் பாதியைத்தான் கொண்டுபோவாள். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஹஜ்ரத், எங்க அத்தா செத்துடுவாரு. திரைக்கு இந்தாண்டயே நிக்கிறேன், நேரா கேளுங்க" என்று கத்திவிட்டேன்.

பிறகு ஹஜ்ரத்தே திரையருகே வந்து பேசினார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. ஒவ்வொரு தொழுகை நேரம் வந்ததும் ஒருமுறை கை, முகம், கால் கழுவி ஒளு செய்துகொண்டால் போதும், குழாயும் பையும் இருக்கத் தொழலாம். முடியாதவர் மேல் ஜும்மா கடமையே இல்லை, வீட்டிலேயே நண்பகல் தொழுகையான லுஹர் தொழுதுகொள்ளலாம். மூன்று ஜும்மா பேச்சு சோம்பேறிகளுக்குச் சொன்னது. "நானே வந்து பாய்கிட்ட சொல்றேன்மா" என்றார். சொன்னபடி வியாழக்கிழமை பஸ் ஏறி வந்தார்.

ஆண்கள் வார்டில் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலின் ஓரத்திலும் ஒரு பை. ஹஜ்ரத் அதையெல்லாம் பார்த்து முகம் சுளிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அத்தா மரியாதையாகத் தலையை ஆட்டினார். "சரி ஹஜ்ரத், சரி ஹஜ்ரத்" என்றார். ஹஜ்ரத் படியிறங்கியதும் அத்தா என்னிடம், "சின்னப் புள்ள. கிதாபுல எழுதி கீறத சொல்லிட்டுப் போறாரு. மனசு ஒத்துக்கணுமே" என்றார்.

தலையணை உறையை மாற்றுகிற சாக்கில் அதற்கடியில் மடித்து வைத்திருந்த அவர் தொப்பியை எடுத்தேன். கனத்தது. உள்ளே ஒரு சிரிஞ்ச், ஊசி இல்லாமல். கம்பவுண்டர் வீட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இது இன்னாத்துக்கு?"

"மூணு வாட்டி பாத்துட்டேன். தண்ணிய உறிஞ்சிட்டு இழுக்கணும், அவ்ளோதான். இதுல இன்னா கம்பசூத்திரம் கீது? ஆஸ்பத்திரிக்குப் பின்னால பள்ளிவாசல் கீதாம். போய்ட்டு வந்ததும் நானே டாக்டராண்ட சொல்லிப் போட்டுக்கிறேன்."

அந்த இடத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. எதிர்க் கட்டிலில் கல் ஆபரேஷன் முடிந்து கருங்குழிக்காரர் படுத்திருந்தார், பக்கத்தில் அந்த அம்மா. நர்ஸ் ஊசி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை.

"ஒங்களுக்கு ஜும்மா வேணும். முன்வரிசை வேணும். சுத்தமா நிக்கணும். எல்லாம் ஒங்களுக்கு வேணும். எனக்கு இன்னா வேணும்னு ஒருநாளாவது கேட்டீங்களா? எனக்கு அத்தா வேணும். அம்மாவும் போயாச்சு, கூடப் பொறந்ததும் கெடையாது. நீங்க போய்ட்டா நான் யாராண்ட சண்ட போடுவேன்? சொல்லுங்க, யாராண்ட?"

அத்தா, "தொப்பியக் குடு" என்று மட்டும் கையை நீட்டினார். சிரிஞ்சை எடுத்துக்கொண்டு தொப்பியைக் கட்டிலில் வீசிவிட்டு வந்தேன். சிரிஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். போட்டு என்ன பயன் என்றும் அப்போதே தெரியும். அந்த வார்டில் சிரிஞ்சுக்கா பஞ்சம்?

வார்டில் துணைக்கு என் வீட்டுக்காரர் இருந்தார். வாடை ஆகாதவர், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் படுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் கிளம்பிக் கடையைத் திறந்து, ஊரில் ஜும்மா தொழ வேண்டும். அவர் போவதற்குள் நான் வந்துவிடுவதாகப் பேச்சு. நான் சோறாக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் வண்டி நின்றுவிட்டது. முகூர்த்த நாள், கடைவீதி முழுக்கக் கல்யாண வண்டி. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது. என் வீட்டுக்காரர் போன் செய்து, "நான் கெளம்பிட்டேன்மா, அத்தா நல்லா கீறாரு, தூங்குறாரு" என்றார். தூங்குகிறாராம். பத்து மணிக்குப் பிறகு எங்கள் அத்தா தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு என் வீட்டுக்காரரை அறைய வேண்டும் என்று தோன்றியது.

செங்கல்பட்டில் இறங்கி ஆட்டோ பிடித்து வார்டுக்குள் ஓடும்போது எங்கேயோ பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அத்தாவின் கட்டில் காலியாக இருந்தது. தொப்பியும் இல்லை.

"இப்பதாமா எழுந்து போனாரு" என்றாள் கருங்குழி அம்மா. "எங்க பாய்னு கேட்டேன், காதுலயே வாங்கல. மூஞ்சி கழுவப் போற மாரி போனாரு."

ஆண்கள் குளியலறைக்கு ஓடினேன். புர்காவோடு ஒருத்தி வந்து கதவு கதவாகத் தட்டி, "அத்தா, அத்தா" என்று கத்தினால் எப்படி இருக்கும்? ஒரு கதவுக்குள்ளிருந்து, "யாரும்மா அது, இங்க ஒங்கத்தா இல்ல" என்று ஒருவர் அலறினார். மற்றக் கதவுகள் திறந்தே கிடந்தன. கடைசித் தொட்டியருகே தரை ஈரமாக இருந்தது. ஈரத்தில் ரத்தம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. வாசல் காவலாளியிடம் சொல்லலாமா, பின்பக்கப் பள்ளிவாசலுக்கு ஓடலாமா என்று வராந்தாவில் நின்று திரும்பியபோதுதான் பார்த்தேன்.

வராந்தா முடிகிற இடத்தில் மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல். அதற்கு முன்னால் உடைந்த சாமான்கள் போட்டு வைத்திருந்த மூலையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தா உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி. முழங்கைவரைக்கும் ஈரம். உட்கார்ந்தபடியே குனிந்தார், நிமிர்ந்தார், இன்னும் தாழக் குனிந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். லுங்கியின் ஓரத்திலிருந்து குழாய் இறங்கி, நாற்காலிக் காலில் கட்டியிருந்த பைக்குள் போனது. பையை அவர் மறைக்கவில்லை, துண்டுகூடப் போடவில்லை. குழாய்க்குள் சிறுநீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நிம்மதியாக நான் அழுதது என் கல்யாணத்திலும் இல்லை.

தொழுகையை முடித்து அவர் வலப்பக்கம் ஸலாம் கொடுத்தார், இடப்பக்கம் கொடுத்தார். பிறகு அல்லாவிடம் கேட்கக் கை ஏந்தினார். அத்தா துஆ நீளமாகக் கேட்கிறவர் இல்லை, கடைக்கு நேரமாகிறது என்பதுபோல் சட்டென்று முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவார். அன்றைக்குக் கையை இறக்கவேயில்லை. நர்ஸ் ஒருத்தி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப வந்த?"

"இப்பதான். ஜும்மாவுக்குப் போவலியா?"

"இல்ல. லுஹர் தொழுதேன்."

"மனசு ஒத்துக்கிச்சா?"

"எங்க ஒத்துக்கிச்சு" என்றார். "ஒத்துக்கல. ஒத்துக்காமலேதான் தொழுதேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "அப்டி இன்னா கேட்டீங்க இவ்ளோ நேரம்?" என்றேன்.

அவர் குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"நீ நேத்து கேட்டதத்தான். எம் புள்ளைக்கி அத்தா வேணுமாம், இன்னும் கொஞ்ச நாளைக்கி வுட்டு வையின்னு."